செவ்வாய்க்கிழமை ராத்திரியின் உப்பு

பத்து இருக்க வேண்டும், பதினொன்று இருக்கிறது. மறுபடி எண்ணினேன். அட்டைப்பெட்டிக்குள் விரலை விட்டு ஒவ்வொரு குப்பியின் தகரத் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன், பதினொன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது முப்பத்து மூன்று, மருந்துக்கடைக்காரர் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணித்தான் வாங்கினேன், அவர்கூடச் சிரித்தார். போன வெள்ளிக்கிழமை காலை ஆரம்பித்தது. நாளுக்கு மூன்று வேளை, காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து. இன்றைக்கு மறுபடி வெள்ளி. ஏழு நாளைக்கு இருபத்தொன்று, இன்று காலையில் ஒன்று, இதோ இப்போது வசந்தாமணியின் கைக்குள் இறங்கிக்கொண்டிருப்பது ஒன்று, ஆக இருபத்து மூன்று. இருபத்தாறு வருஷமாக ராத்திரி ராத்திரி சங்ககிரி ரோட்டு லாரி எடைமேடையில் உட்கார்ந்து லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்துக்கொண்டிருக்கிற எனக்கு முப்பத்து மூன்றில் இருபத்து மூன்றைக் கழிக்கத் தெரியாதா. பத்துதான் மிச்சம் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு வேளை மருந்து என் மனைவியின் உடம்புக்குள் போகவே இல்லை. எந்த வேளை? பீரோக் கதவில் ஒட்டிய தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. எல்லாம் என் கை போட்ட டிக். நீலமை, கொஞ்சம் சாய்ந்த வால், எடைச் சீட்டில் போடுகிற மாதிரியே.

அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள், ஊசி குத்தியிருக்கிற இடது கையை மட்டும் எனக்கு விட்டுவிட்ட மாதிரி பின்னால் நீட்டி வைத்திருக்கிறாள். மணி இரண்டு எட்டு. இரண்டரைக்கு ஜெசிந்தா சிஸ்டர் வருவார்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை கையில் இருக்கிற ஊசியை மாற்ற வருகிறவர்கள்; இன்றைக்கு மிச்சக் குப்பிகளையும் எண்ணிப் பார்க்கிறேன் அண்ணா என்று காலையில் போனில் சொன்னார்கள். இருபத்திரண்டு நிமிஷம் இருக்கிறது. பாட்டில் முடியவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும், நிமிஷத்துக்கு அறுபத்தேழு சொட்டு, ஒரு விநாடிக்கு ஒன்று என்று எண்ணினால் கொஞ்சம் மெதுவாகிவிடும், அதைவிடச் சற்று அவசரமாக எண்ண வேண்டும். பாட்டில் தொட்டில் கொக்கியில் தொங்குகிறது. வீடு கட்டும்போது மேஸ்திரி கேட்காமலே உத்திரத்தில் பதித்துவிட்டுப் போன கொக்கி அது, இருக்கட்டும் தம்பி, தேவைப்படும் என்றார். பத்து வருஷம் அதில் ஒன்றும் தொங்கவில்லை, பிறகு வாழைத்தார் தொங்கியது, ஒரு ஆடியில் அவள் சேலையைக் கட்டித் தானே ஊஞ்சல் ஆடினாள், இப்போது கயிறு கட்டி சலைன் பாட்டில். பக்கத்து வீட்டுத் தறிகள் நான்கும் ஓடுகின்றன. டடக் டடக் என்று அது ஒரு கணக்கு, சொட்டு ஒரு கணக்கு, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சொட்டு தவறிப்போகிறது. வெயில் ஜன்னல் கம்பியைத் தரையில் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறது. எனக்கு மத்தியானம் என்பது இன்னும் பழகவில்லை. அலாரம் அடித்து எழுந்தால் இது எந்த நாளின் மத்தியானம் என்று கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கிறது. ராத்திரி வேலைக்காரனுக்கு நாள் முடிவது படுக்கும்போதுதான், இப்போது மூன்று துண்டாகப் படுக்கிறேன், அதனால் ஒரு நாளுக்கு மூன்று நாள் முடிகிறது.

அவள் தோள்பட்டை எலும்பு நைட்டிக்கு மேலே தெரிகிறது. ஆஸ்பத்திரி மிஷினில் முப்பத்தெட்டரை கிலோ. எங்கள் மேடையில் ஏறி நின்றிருந்தால் நாற்பது என்று காட்டியிருக்கும், அது பத்துப் பத்தாகத்தான் காட்டும், லாரிக்குச் செய்தது. ஐம்பது காட்டியிருக்கிறது ஒரு காலத்தில். கல்யாணமாகி இருபது நாள், நீங்க ராத்திரியில அப்படி என்னதான் வேலை பண்றீங்கன்னு நான் பாக்கோணும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லாரி வரத்து இல்லை, சைக்கிளில் கூட்டிப்போனேன். இத்தனை பெரிய இரும்புத் தட்டின்மேல் ஒற்றையாகப் போய் நடுவில் நின்றாள், மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம், செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறினாள், கோயில் மாதிரி. நான் ரூமுக்குள் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூஜ்யம், நாற்பது, அறுபது, நாற்பது என்று ஆடுகிறது. நின்னுருச்சுங்களா என்று அங்கிருந்து கத்துகிறாள். இன்னும் இல்ல, ஆடாம நில்லு என்கிறேன். அவள் வேண்டுமென்றே ஒற்றைக் காலைத் தூக்குகிறாள். எண் நின்றது, ஐம்பது. பிறகு நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன், உள்ளே எண்ணைப் பார்க்க ஆள் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு என்று கடைசி வரைக்கும் தெரியவே இல்லை. அதற்கு அவள் சிரித்த சிரிப்பு. செட்டுக்கு அந்தப்பக்கம் படுத்திருந்த நாய் எழுந்து வந்து பார்த்தது. அந்தச் சிரிப்பில் இருமல் இல்லை. சின்ன வயதில் வந்து குணமான காசநோய் நெஞ்சுக்குள் பள்ளம் பறித்துவிட்டுப் போயிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும், அவளுக்கே தெரியாது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், மூச்சுக்குழாய் அங்கங்கே பை மாதிரி அகண்டு கிடக்கிறது, சளி அங்கே தங்கிக்கொள்கிறது, கிருமி அதில் குடித்தனம் நடத்துகிறது என்றார்.

சிரித்தால் இருமல் வரும் என்று ஆனபிறகு நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். எத்தனை கதை கொண்டுவந்திருக்கிறேன் அந்தக் காலத்தில், விடிகாலையில் வந்து காபித் தம்ளரோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தால் ராத்திரி வந்த லாரிக்கெல்லாம் ஒரு கதை இருக்கும். கடைசியாகச் சொன்னது ஆட்டுக் கதை. டிரைவர் சிமெண்ட் லோடோடு ஒரு ஆட்டையும் ஏற்றிவைத்து ஆட்டையும் சேர்த்து எடை போட்டுவிட்டான், வழியில் டிரைவரும் கிளீனரும் அதை அறுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், இறக்குகிற இடத்தில் பத்துக் கிலோ குறைகிறது, ஆடு எங்கேடா என்றால் கிளீனர் வயிற்றைத் தடவிக்கொண்டு, இங்கதானுங்க இருக்குது, எடை எப்படிங்க குறையும் என்று கேட்கிறான். வசந்தாமணி சிரித்தாள், சிரித்து இருமினாள், இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், முந்தானையில் முதல் தடவையாகச் சிவப்பு. அதோடு சரி. ஐந்து வருஷம் ஆகிறது. லாரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, கதைகளை நான் இறக்குவதில்லை. அறுபத்தைந்து, அறுபத்தாறு, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. குழாயில் சின்னதாக ஒரு குமிழி, விரலால் சுண்டினேன், மேலே ஏறிப்போனது. குமிழியைப் பற்றி முதன்முதலில் நான் படித்தது எடைமேடையில்தான். பள்ளிபாளையம் காகித ஆலைக்குப் பழைய பேப்பர் ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள் எனக்காகப் புத்தகம் உருவித் தருவார்கள், முன்னட்டையும் இருக்காது, கடைசிப் பக்கங்களும் இருக்காது. அதில் ஒன்று நர்சுப் பிள்ளைகளின் பாடப்புத்தகம். எட்டாவதோடு நின்றவன் நான், இங்கிலீஷும் ரேடியோ ரிப்பேரும் அப்படிக் கிடைத்த துண்டுகளிலிருந்துதான் வந்தது, எதற்கும் முடிவு என்ன என்று தெரியாமலே. அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெசிந்தா சிஸ்டர் குப்பியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கிக் காட்டியபோது ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்குக் கை நடுங்கலையே என்றார்கள். அந்தப் பெருமையில்தான் டாக்டரிடம் தலையாட்டினேன். அவர் சொன்னது ஒரு வார்த்தை குறையாமல் காதில் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு இப்போதைக்குக் கேட்கிற மருந்து இது ஒன்றுதான், வேளை தவறித் தவறிப் போட்டால் இதற்கும் அது பழகிக்கொள்ளும், அப்புறம் என் கையில் வேறொன்றும் கிடையாது, வேளை தவறாது என்றால் வீட்டுக்கு அனுப்புகிறேன். தவறாதுங்க என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அவளுக்கு வீட்டுக்கு வர வேண்டும், அந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரம்மா ராத்திரியெல்லாம் முனகுவதைக் கேட்டுப் பயந்துபோயிருந்தாள், என்னைக் கொண்டுபோயிருங்க மாமா என்று கையைப் பிடித்தாள், வழக்கமாக ஏனுங்க என்று கூப்பிடுகிறவள்.

ஒரு குப்பியைச் சட்டைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். எப்போது போட்டேன் என்று தெரியவில்லை, கை அதுவாகப் போட்டிருக்கிறது, இப்போது நெஞ்சில் அது தட்டுகிறது. பெட்டியில் பத்து. கணக்கு நேர். வேலைக்குப் போகிற வழியில் பாலத்துக்குக் கீழே எறிந்துவிட்டால் தீர்ந்தது, யார் கேட்கப்போகிறார்கள். கேட்டால்கூடக் கடைக்காரர் ஒன்று கூடப் போட்டுவிட்டார் போல என்று சொல்லலாம், சிஸ்டர் நம்பிவிடுவார்கள், என்னை நம்புகிறவர்கள். காலையில் துப்பின சளி வெளுத்திருந்தது, போன வாரம் பச்சைப் பாசி மாதிரி இருந்தது, இப்போது நீர்த்த மோர் மாதிரிதான், அப்போது ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றுதானே அர்த்தம். இல்லை, நேற்றுச் சாயங்காலத்துச் சளி கொஞ்சம் மஞ்சளாக இருந்ததே. பல்ப் வெளிச்சமாக இருக்கும். பல்ப் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். இல்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் பல்ப் போட்டது. எடைமேடையிலும் இப்படித்தான், கூடுதலாக ஓர் எண் கிடக்கும்போது அது எங்கே சேர்ந்தது என்று தேடுவதைவிட அழித்துவிடுவது சுலபம், முதலாளி ஒரு தடவை அப்படிக் கூடுதலாகக் கிடந்த ஓர் எண்ணைப் பிடித்துவிட்டுத்தான் நாலு பேர் முன்னால் கேட்டார். வழக்கமாக வருகிற வண்டிகளின் காலி எடை எனக்கு மனப்பாடம், எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் புது டயர் என்றுகூடத் தெரியும், கூட்டமான நேரத்தில் வண்டி திரும்பி வருமுன்னாலேயே காலி எடையைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவேன். வந்து ஏறினால் சரியாக இருக்கும். டிரைவர்களுக்கு அதில் குஷி, அர்த்தனாரி அண்ணன் கண்ணாலயே எடை போட்டுருவாப்ல என்பார்கள். முதலாளிக்குக் குஷி இல்லை. வராத வண்டிக்கு எதுக்கய்யா எடை எழுதுனே, அது வழியில கவுந்து கெடந்தா என்னய்யா பண்ணுவே.

வராத வண்டிக்கு எடை. அங்கேதான் சிக்கியது. எந்த நாள் பேனா எழுதவில்லை? எழுதாத பேனாவைத் தாளின் ஓரத்தில் கிறுக்கிக் கிறுக்கி, உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, எழுத ஆரம்பித்தவுடன் மத்தியானக் கட்டத்தில் ஒரு டிக் போட்டு, சரி, எழுதுகிறபோதே போட்டுவிடுவோம் என்று ராத்திரிக் கட்டத்திலும் ஒன்று போட்டேனே. எந்த நாள்? தாளைப் பார்த்தேன். கிறுக்கல் செவ்வாய்க்கிழமை வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி மழை. பத்தே முக்கால் மணிக்குக் கரண்ட் போய் நான்கு தறியும் ஒரே சமயத்தில் நின்றது, நின்ற சத்தத்தில்தான் நான் விழித்தேன். அப்படி ஓர் அமைதி. எங்கோ தகரத்தில் மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இவள் கட்டிலுக்கு வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறவள் அன்றைக்குச் சரிந்து, ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் தூங்குவாளே அந்த மாதிரி. நெஞ்சில் கொரகொரப்பு இல்லை. வாய் லேசாகத் திறந்து மூச்சு வந்து போகிறது. டார்ச்சைச் சுவருக்குத் திருப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருபது வருஷம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது என்று தோன்றியது, ஐம்பது கிலோவும் மஞ்சள் சேலையும் இங்கேதான் இந்தக் கட்டிலுக்குள் எங்கேயோ இருக்கிறது என்று தோன்றியது. எழுப்ப மனம் வரவில்லை. எழுப்ப வேண்டுமா என்று தாளின் மேல் டார்ச் அடித்தேன். செவ்வாய், ராத்திரி பத்து, டிக். போட்டாயிற்றா. அரைத் தூக்கத்தில் போட்டுவிட்டு மறுபடி படுத்திருக்கிறேன் போல என்று நினைத்தேன். மூன்று துண்டாகத் தூங்குகிறவன் தன் ஞாபகத்தை நம்பலாமா, காகிதத்தைத்தான் நம்பினேன். வண்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே வேலைக்குப் போய்விட்டேன். போகிற வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு போனேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்த ஒரு ராத்திரி, அதைத்தான் இப்போது சிஸ்டரிடம் குற்றமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமலும் இருக்கலாம். பாக்கெட்டில் குப்பி உடம்புச் சூட்டுக்குச் சூடாகிவிட்டது, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

பாட்டில் குழிந்து கடைசித் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. குழாயில் இருக்கிற உருளையைத் தள்ளி அடைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஊசியின் மூடியைத் துடைத்து, குழாயைக் கழற்றிவிட்டு, கடைசியாக விடுகிற வெறும் உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாகத் தள்ளினேன். வசந்தாமணி நாக்கைச் சப்புக் கொட்டினாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், கையில் தள்ளுகிற உப்பு அவளுக்கு நாக்கில் தெரியும், முதல் நாள் பயந்துபோய்ச் சொன்னாள், சிஸ்டர் சிரித்து, அப்படித்தான் இருக்கும் அக்கா என்றார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தூக்கத்தில் இருந்தால்கூடச் சப்புக் கொட்டிவிட்டுத்தான் புரண்டு படுப்பாள்.

வந்துருச்சு, உப்பு, என்றாள் சுவரைப் பார்த்தபடியே. பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஏனுங்க. செவ்வாக்கெழம ராத்திரி உப்பே கரிக்கலீங்க."

சிரிஞ்சு என் கையிலேயே இருந்தது. எனக்குத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டா இருந்தாய் என்று கேட்க நினைத்தேன், வாய் வேறெதையோ சொன்னது, தூங்கிட்டு இருந்தே, அதனால தெரியாமப் போயிருக்கும் என்றது. அந்தப் பொய் வெளியே வந்து அறைக்குள் நின்றது. அவள் மெதுவாகத் திரும்பினாள், திரும்புவதற்கே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு விட வேண்டியிருந்தது, திரும்பி என் முகத்தைப் பார்க்காமல் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சுட்டேன். நீங்க தவறமாட்டீங்கன்னு. இப்ப குப்பிச் சத்தம் கேக்கக் கேக்க எண்ணி எண்ணிப் பாத்தீங்களே, அப்பத்தான் வெளங்குச்சு."

குப்பியை எடுத்துக் கட்டிலின்மேல் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். போடலை வசந்தா, போடுறதுக்கு முன்னாடியே டிக் போட்டுட்டேன் என்றேன். நீ தூங்கினதைப் பாத்துட்டு நின்னேன் என்று சொன்னேனா, மனதுக்குள்தான் சொன்னேனா. சொல்லியிருக்கிறேன் போல, ஏனென்றால் அவள் குப்பியை விரலால் ஒரு சுற்று உருட்டிவிட்டு, அன்னைக்கு ஒரு நாள்தானுங்க நல்லா ஒறங்குனேன், அதுலயும் உங்களுக்குப் பொறாமை என்றாள். அவள் உதடு கோணியது. அது சிரிப்பு. இருமல் வருமோ என்று நான் முதுகைத் தட்டிக்கொடுக்கக் கையைக் குழித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை.

ஜெசிந்தா சிஸ்டரின் ஸ்கூட்டி வாசலில் நின்றது. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், வணக்கம் சொல்வதற்குள், ஒரு வேளை விட்டுப்போச்சுங்க சிஸ்டர், செவ்வாக்கிழமை ராத்திரி, டிக்கை முன்கூட்டியே போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில், நிறுத்தினால் வேறு ஏதாவது வந்துவிடும் என்ற பயத்தில். சிஸ்டர் பையைக் கீழே வைத்தார்கள். கோபமாக ஒன்றும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சளி என்ன நிறம், காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். காலையில் வெளுப்பு, நேற்றுச் சாயங்காலம் மஞ்சள், பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தேன் என்றேன். அந்த ஒன்றை இரண்டு தடவை சொன்னேன். இதை மறைச்சிருந்தீங்கன்னா டாக்டர் மருந்து கேக்கலைன்னு நெனச்சிருப்பாரு அண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஒரு வேளையால் என்ன ஆகும், மருந்து நாளைக் கூட்டுவதா, சளியை மறுபடி எடுத்துப் பார்ப்பதா, எல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் பேனாவை எடுத்தேன். எடைமேடையில் தப்பாக எழுதிய சீட்டைக் கிழிக்கக் கூடாது, குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அது கணக்கில் நிற்கும். செவ்வாய், ராத்திரி பத்து. கோடு போட்டேன். ரத்து. அர்த்தனாரி. பேனா முதல் தடவையிலேயே எழுதியது. ஜன்னல் வழியாகச் சிஸ்டரின் குரல் வந்தது, ஆமாங்க டாக்டர், இல்லீங்க டாக்டர், எட்டாவது நாளுங்க டாக்டர், பிறகு நீளமாக ஒன்றும் இல்லை, அந்தப்பக்கம் பேசுகிறார் போல. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். வசந்தாமணி எழுந்து உட்கார முயன்றாள், தலையணையை நிமிர்த்தி வைத்தேன், அவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது, அதில் கனமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"நின்னுருச்சுங்களா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்தச் சாயங்காலத்து இரும்புத் தட்டு, வெயில் ஏறி இறங்கின அதன் சூடு, உள்ளங்காலில் வந்தது.

"இன்னும் இல்ல," என்றேன். "ஆடாம இரு."